கமாரோவுக்கு எந்த வருடம்? பொம்மைச் சேகரிப்பாளர்களின் தரவுத்தளம் பற்றி ஓர் எளிய விளக்கம்

பொம்மைக் கார் சேகரிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் என்றைக்காவது ஒருநாள் இந்தப் பேச்சு வந்துவிடும்: "நாமே ஒரு டேட்டாபேஸ் போட்டுடலாமே?" உடனே ஒருவர் எக்செல் தாளைத் திறப்பார். பெயர், கம்பெனி, வருடம், நிறம், எண் என்று ஐந்து கட்டம். முதல் வாரத்தில் இருநூறு கார் ஏறிவிடும். மூன்றாவது வாரம், "இதை எந்த வருடத்தில் சேர்ப்பது?" என்று சண்டை வரும். அப்புறம் அந்தத் தாளை யாரும் திறப்பதில்லை. அப்படி நின்றுபோன தாள்களில் ஒன்று என்னுடையது.

கம்ப்யூட்டர் தெரியாததால் அது நின்றுபோகவில்லை. தரவுத்தளம் என்றால் நிறையப் படங்கள், மேலே ஒரு தேடல் பெட்டி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தேடல் பெட்டி கடைசியில் வருகிற வேலை. அதற்கு முன்னால் வேறொரு கேள்வி காத்திருக்கிறது: 'ஒரு பொம்மை' என்று எதை எண்ணுவது? இது முடிவாகாமல் எவ்வளவு நல்ல மென்பொருள் வாங்கினாலும் பிரயோஜனமில்லை.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே வகையான விவரங்களை ஒழுங்காக அடுக்கி, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி, கேட்கிற கேள்விக்கு ஏற்ற மாதிரி எடுத்துத் தரும்படி கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பதிவேடுதான் தரவுத்தளம்.

கொலு பொம்மையிலிருந்து தொடங்கலாம்

பண்ருட்டியிலோ சென்னை கொசப்பேட்டையிலோ கொலு பொம்மை செய்கிற இடத்துக்குப் போயிருந்தால் இது சட்டென்று புரியும். ஒரு செட்டியார் பொம்மைக்கு அச்சு ஒன்று இருக்கும். அந்த அச்சிலிருந்து ஒரு வருடம் பச்சை வேட்டிக்கரை வைத்த செட்டியார் வருவார். அடுத்த வருடம் அதே அச்சில் சிவப்புக்கரை செட்டியார். நம் வீட்டுப் பரணில் இருப்பதோ மூக்கு உடைந்த ஒரு பச்சைக்கரைச் செட்டியார்.

"உங்களிடம் எத்தனை செட்டியார் பொம்மை உண்டு?" என்று அந்தக் கைவினைஞரைக் கேட்டால், அச்சை எண்ணினால் ஒன்று, வண்ணத்தை எண்ணினால் இரண்டு, அலமாரியில் உள்ள உருப்படிகளை எண்ணினால் இருநூறு. மூன்றும் சரியான விடைதான். என்ன கேட்டோம் என்பதில்தான் குழப்பம்.

உலோகப் பொம்மைக் கார்களிலும் இதே மூன்று அடுக்கு. உலோகத்தை உருக்கி ஊற்றுகிற அச்சிலிருந்து வரும் வடிவத்தைச் சேகரிப்பாளர்கள் 'காஸ்டிங்' என்பார்கள். நாம் வார்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த வார்ப்பு ஒரு குறிப்பிட்ட நிறம், சக்கரம், அட்டையோடு கடைக்கு வந்தால் அது ஒரு வெளியீடு. நம் கையில் கீறலோடு இருப்பது உருப்படி.

இப்போது எங்கள் சண்டைக்கு வருகிறேன். மாட்டெல் நிறுவனத்தின் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களில் '67 கமாரோ' என்று ஒன்று உண்டு. பெயரில் உள்ள 67, நிஜமான செவர்லே கமாரோ காரின் 1967 மாடலைக் குறிக்கிறது. காரைத் திருப்பிப் பார்த்தால் அடித்தட்டில் 1982 என்று பொறித்திருக்கும். அது அந்த வார்ப்புக்கு மாட்டெல் நிறுவனம் காப்புரிமை குறித்த வருடம். கடையில் முதலில் வந்தது 1983-இல். இதே வார்ப்பு வெள்ளை நிறத்தில் 1995-இல் 'ட்ரெஷர் ஹண்ட்' வரிசையிலும் வந்தது. அந்த வரிசையின் முதல் வருடம் அது. பன்னிரண்டு கார், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம்தான் செய்தார்கள். வெள்ளை கமாரோவைக் கையில் வைத்துக்கொண்டு 'வருடம்' என்ற ஒற்றைக் கட்டத்தில் எதை எழுதுவது? 1967-ஆ, 1982-ஆ, 1995-ஆ?

எக்செல் தாளில் எங்களில் ஒருவர் அடித்தட்டைப் பார்த்து எழுதினார், இன்னொருவர் அட்டையைப் பார்த்து எழுதினார். இருவருமே சரியாகத்தான் எழுதினார்கள். கட்டம்தான் தப்பு. "1982 கார், அபூர்வம்" என்று சொல்லி நேற்று கடையில் வாங்கியதை விற்கிறவர்கள் பிழைப்பதும் இந்தக் குழப்பத்தில்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வார்ப்பு, வெளியீடு, உருப்படி என்று மூன்று அடுக்கு உண்டு. நிஜக் காரின் வருடமும் அடித்தட்டு வருடமும் வார்ப்பைச் சேர்ந்தவை. கடைக்கு வந்த வருடம் வெளியீட்டைச் சேர்ந்தது. கீறல் உருப்படியைச் சேர்ந்தது.

ஒரே தாள் ஏன் போதாது

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் என்ன ஆகும்? '67 கமாரோவுக்கு ஐம்பது வெளியீடு இருந்தால், வடிவமைத்தவர் பெயரையும் அடித்தட்டு வருடத்தையும் ஐம்பது முறை எழுதவேண்டும். ஒன்றில் தப்பு என்று தெரிந்தால் ஐம்பதையும் திருத்தவேண்டும். நாற்பத்தெட்டைத் திருத்திவிட்டு இரண்டை விட்டுவிடுவோம். அப்புறம் எது சரி என்று யாருக்கும் தெரியாது.

மளிகைக் கடைக் கணக்கை நினைத்துப் பாருங்கள். கடன் நோட்டில் ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளரின் முழு முகவரியை அண்ணாச்சி எழுதுவதில்லை. 'பக்கம் 14' என்று ஒரு குறிப்பு இருக்கும். முகவரி பக்கம் 14-இல் ஒருமுறைதான். வீடு மாறினால் அந்த ஒரு இடத்தில் திருத்தினால் போதும்.

தரவுத்தளம் செய்வதும் அதையேதான். ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி அட்டவணை. ஒரே வகைப் பொருள்களை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதும் பட்டியல்தான் அட்டவணை. வார்ப்புகளுக்கு ஒன்று, வெளியீடுகளுக்கு ஒன்று, உருப்படிகளுக்கு ஒன்று. வெளியீட்டு வரி ஒவ்வொன்றிலும் 'இது எந்த வார்ப்பு' என்ற எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் வார்ப்பின் விவரமெல்லாம் கிடைக்கும்.

எந்த விவரத்தை எந்த அட்டவணையில் வைப்பது என்பதில் ஒரு வேடிக்கையான இடம் இருக்கிறது: தயாரிப்பாளர் பெயர். வார்ப்போடு சேர்த்து வைத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அச்சுகள் கைமாறும். இங்கிலாந்தின் டிங்கி பொம்மைக் கார்களின் பழைய அச்சுகள் சில 1960-களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்தன. இங்கே அவை 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் விற்றன. அச்சு அதேதான், கம்பெனியும் நாடும் வேறு. நம் ஊருக்கு இன்னும் பக்கத்தில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், அமெரிக்கக் கம்பெனியான ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ பொம்மை வீரர்களை இந்தியாவில் செய்து விற்றது. அமெரிக்காவில் பார்க்கவே முடியாத நிறக்கூட்டுகளில் அவை வந்ததால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். சிறுவயதில் நாங்கள் மொட்டைமாடியிலிருந்து பாராசூட் கட்டிக் கீழே போட்ட வீரர்கள் அவர்கள். அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. எப்படியோ, தயாரிப்பாளர் பெயர் வெளியீட்டு அட்டவணையில் இருந்தால்தான் நிக்கியையும் ஃபன்ஸ்கூலையும் சரியாகப் பதியமுடியும்.

எண் இருக்கிறதே, அதையே அடையாளமாக வைத்தால்?

அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும், வேறு எந்த வரிக்கும் இல்லாத ஓர் அடையாளம் வேண்டும். இதை அடையாள எண் என்போம். கம்பெனியே பெட்டியில் ஓர் எண் போட்டிருக்கும்போது புதிதாக எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

மேட்ச்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். லெஸ்னி என்ற லண்டன் கம்பெனி 1953-இல் தொடங்கிய வரிசை. தீப்பெட்டி அளவுப் பெட்டியில் வந்ததால் அந்தப் பெயர். 1 முதல் 75 வரைதான் எண்கள். புதிய கார் வந்தால் பழையது போய், அதன் எண் புதியதற்குக் கிடைக்கும். எண் 5 லண்டன் பஸ். 1954-இல் ஒன்று, 1957-இல் சற்றே பெரிதாக இன்னொன்று, 1961-இல் ரூட்மாஸ்டர் பஸ், 1965-இல் மறுபடி ஒரு ரூட்மாஸ்டர். நான்கும் எண் 5, நான்கும் வேறு வேறு வார்ப்பு. அதோடு முடிந்ததா? 1969-இல் எண் 5 லோட்டஸ் யூரோப்பா என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குப் போய்விட்டது. 1972-இல் வந்த புதிய டபுள் டெக்கர் 'லண்டனர்' எண் 17-இல் உட்கார்ந்தது.

நம் ஊர் டவுன் பஸ்ஸும் இப்படித்தான். அதே நம்பர் போட்ட பஸ் பத்து வருடம் கழித்து வேறு ரூட்டில் ஓடும். 'அஞ்சாம் நம்பர் பஸ்' என்றால் எந்தக் காலத்து அஞ்சாம் நம்பர் என்று கேட்கவேண்டியிருக்கும். சேகரிப்பாளர்கள் இதைச் சமாளிக்க 5ஏ, 5பி, 5சி, 5டி என்று எழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அது கம்பெனி கொடுத்ததில்லை, பின்னால் வந்தவர்கள் போட்டுக்கொண்ட ஒழுங்கு.

எண்ணுக்குள் அர்த்தம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லெகோவைப் பார்க்கலாம். இரண்டுக்கு நான்கு குமிழ் உள்ள சாதாரண செங்கல்லின் வடிவ எண் 3001. அதே செங்கல் சிவப்பில் வந்தால் 300121, வெள்ளையில் 300101. வடிவ எண்ணோடு நிற எண்ணை ஒட்டிவிட்டார்கள், பார்த்தவுடன் புரிகிறது. ஆனால் பிற்காலத் துண்டுகளுக்கு இந்த ஒட்டுவேலை இல்லாத ஏழு இலக்க எண்கள் வந்தன. முதல் நான்கு இலக்கத்தை வைத்தே வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பிப் பட்டியல் போட்டவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

அதனால் தரவுத்தளம் தனக்கென்று 1, 2, 3 என அர்த்தமில்லாத ஓர் அடையாள எண்ணை வைத்துக்கொள்ளும். கம்பெனி எண், அட்டை எண், சேகரிப்பாளர் வைத்த எழுத்து எல்லாம் சாதாரண விவரங்களாகப் பக்கத்தில் இருக்கட்டும். அவை மாறலாம், திரும்ப வரலாம், இல்லாமலும் போகலாம். அடையாள எண் மட்டும் மாறாது.

சுருக்கமாக: அடுக்குக்கு ஓர் அட்டவணை, வரிக்கு ஓர் அடையாள எண், அட்டவணைகளை இணைப்பது அந்த எண்கள். தரவுத்தளத்தின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

எது வேறுபாடு, எது வெறும் பழுது?

உண்மையான தலைவலி இங்கேதான். மேலே சொன்ன ரூட்மாஸ்டர் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருசிலவற்றில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சக்கரம், மற்றவற்றில் கறுப்பு. பக்கவாட்டில் ஒட்டிய விளம்பரம் ஒன்றில் எஞ்சின் எண்ணெய், இன்னொன்றில் ஒரு பானம். லண்டனர் பஸ்ஸில் இது எல்லை மீறிப் போனது. கடைகளும் கம்பெனிகளும் தங்கள் விளம்பரத்தோடு செய்து வாங்கியதால் அந்த ஒரு பஸ்ஸையே வாழ்நாள் முழுக்கச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். இவையெல்லாம் தனி வெளியீடா, ஒரே வெளியீட்டின் வேறுபாடுகளா?

விளம்பரம் மாறினால் தனி வெளியீடு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சக்கரம் மாறினால்? பெரும்பாலோர் சரி என்பார்கள். ஜன்னல் கண்ணாடியின் சாயம் கொஞ்சம் அடர்த்தி என்றால்? அடித்தட்டு எழுத்து அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்? லெஸ்னி திவாலான 1982-க்குப் பிறகு உற்பத்தி இங்கிலாந்தைவிட்டுப் போனது. அடித்தட்டில் 'இங்கிலாந்து' இருந்த இடத்தில் 'மக்காவ்' வந்தது. மேலே பார்க்க இரண்டும் ஒரே கார். வாங்குகிறவருக்கு ஒன்றல்ல.

இதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. விதி வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த விதி இது: தொழிற்சாலையில் யாரோ ஒருவர் முடிவெடுத்து மாற்றியதாக இருந்தால் அது தனி வரி, எந்திரம் தானாகத் தடுமாறியதாக இருந்தால் குறிப்பு. சக்கரத்தை மாற்றியது முடிவு, பெயின்ட் கொஞ்சம் கெட்டியாக விழுந்தது தடுமாற்றம். எல்லா இடத்திலும் இது உதவாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு விதியை எழுதிவைத்துவிட்டால் சண்டை காரைப் பற்றி இல்லாமல் விதியைப் பற்றி நடக்கும். அது சீக்கிரம் முடியும்.

நிறம் இன்னும் மோசம். ஹாட் வீல்ஸ் 1968-இல் வந்தபோது பளபளக்கும் உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற வண்ணம் பூசி விற்றார்கள். அந்த வண்ணங்கள் வெயிலிலும் காற்றிலும் மங்கும். ஊதாவாகப் பிறந்த கார் பழுப்பாக நிற்கும். அதைப் பார்த்து 'பழுப்பு வெளியீடு' என்று பதிந்தால், தொழிற்சாலை செய்யாத ஒன்றைத் தரவுத்தளம் பிறப்பித்துவிடும். மங்கலை உருப்படி அட்டவணையில் எழுதவேண்டும், வெளியீட்டில் எழுதக்கூடாது.

வேண்டுமென்றே செய்கிற தில்லுமுல்லும் உண்டு. அடித்தட்டை மேலுடலோடு பிடித்திருக்கும் ஆணியைத் துளைத்து எடுத்து, அபூர்வச் சக்கரத்தை மாட்டி, மறுபடி மூடி விற்பார்கள். அதனால் புதிதாக ஒரு வேறுபாட்டைச் சேர்க்க வருபவரிடம் காரின் படத்தைவிட அடித்தட்டின் படத்தை, ஆணி தெளிவாகத் தெரியும்படி, கேட்டு வாங்குவது நல்லது. மேலிருந்து எடுத்த அழகான படம் பார்க்கத்தான் நன்றாக இருக்கும்.

'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு

சின்ன விஷயம்தான், ஆனால் இதைத் தவறவிட்டால் தேடல் பொய் சொல்லும். ஒரு காருக்குப் பெட்டி என்ற கட்டம் காலியாக இருக்கிறது. பெட்டியே இல்லாமல் விற்றார்களா, பெட்டி இருந்ததா என்று நமக்குத் தெரியாதா? இரண்டுக்கும் காலிக் கட்டத்தையே விட்டால், 'பெட்டி இல்லாமல் வந்த கார்கள்' என்று தேடும்போது நாம் பார்த்தே இராதவையும் வந்து நிற்கும். தரவுத்தளங்களில் 'தெரியாது' என்பதற்கென்றே ஒரு வெற்றுக் குறி உண்டு. அது பூஜ்யமும் ஆகாது, 'இல்லை'யும் ஆகாது. கல்யாணப் பத்திரிகைப் பட்டியலில் 'வரமாட்டார்' என்று எழுதியவரும் இன்னும் ஃபோன் எடுக்காதவரும் ஒன்றில்லையே, அப்படி.

இப்போது தேடல் பெட்டி

பத்து லட்சம் வரிகளில் சிவப்பு பஸ்ஸைத் தேடவேண்டும். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து லட்சம் பார்வை. அகராதியில் நாம் அப்படித் தேடுவதில்லை. நடுவில் திறந்து, நமக்கு வேண்டிய சொல் முன்னாலா பின்னாலா என்று பார்த்து, ஒரு பாதியை ஒதுக்கிவிடுகிறோம். மிச்சத்திலும் அப்படியே. பாதி பாதியாக ஒதுக்கினால் பத்து லட்சமும் இருபது தடவையில் ஒன்றாகிவிடும்.

இதைச் செய்ய வரிசைப்படுத்திய தனிப் பட்டியல் வேண்டும். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்தெந்த வரியில் வருகிறது என்று முன்கூட்டியே தயாரித்துவைக்கும் பட்டியலின் பெயர் அடைவு. 'சிவப்பு' என்றால் 12, 45, 88. 'பஸ்' என்றால் 7, 45, 90. இரண்டிலும் இருப்பது 45. விடை அதுதான். தேடல் பெட்டியில் நாம் தட்டும்போது கம்ப்யூட்டர் கார்களைத் தேடுவதில்லை, அடைவைத்தான் புரட்டுகிறது. அதனால்தான் அவ்வளவு வேகம். புதிய கார் சேரும்போதெல்லாம் அடைவையும் திருத்தவேண்டும் என்பதால் கண்ட கட்டத்துக்கெல்லாம் அடைவு போடுவதில்லை.

அடைவு எழுத்துக்கு எழுத்துதான் பார்க்கும். ஒருவர் 'கமாரோ' என்று பதிந்திருக்க, தேடுகிறவர் 'கேமரோ' என்று தட்டினால் கிடைக்காது. தமிழில் எழுதினால் இது இரட்டிப்புத் தொல்லை: மாட்டெல், மேட்டல், ஹாட்வீல்ஸ், ஹாட் வீல்ஸ். இதற்கு மாற்றுப்பெயர் அட்டவணை என்று ஒன்று வைப்பார்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரே அடையாள எண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. தெருவில் எல்லோரும் 'பாப்பா அத்தை' என்று கூப்பிட்டாலும் தபால்காரருக்கு யார் வீடு என்று தெரியும் அல்லவா?

அப்புறம், பெயர் தெரிந்தவர் தேடுவது பாதிதான். மீதிப் பேர் கையில் ஒரு காரை வைத்துக்கொண்டு "இது என்ன?" என்று கேட்கிறவர்கள். அவர்களுக்குப் பெயர்த் தேடல் உதவாது. கண்ணுக்குத் தெரிவதை ஒவ்வொன்றாகச் சொல்லிக் குறைத்துக்கொண்டே போகும் வழி வேண்டும்: அடித்தட்டில் என்ன நாடு, என்ன வருடம், உலோகமா பிளாஸ்டிக்கா, சக்கரம் எந்த வகை, கதவு திறக்குமா. புடவைக்கடையில் "பட்டு காட்டுங்க, பச்சையில, சின்ன பார்டர்" என்று சொல்லச் சொல்ல மலை குறைவதைப் போல. இதை வடிகட்டல் என்பார்கள். ஹாட் வீல்ஸில் 2008 வாக்கிலிருந்து அடித்தட்டில் சின்னதாக ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் அச்சிடுகிறார்கள். எழுத்து வருடம், இலக்கம் வாரம். அதற்கென்று ஒரு கட்டம் வைத்திருந்தால், எங்கள் பழைய 'எந்த வருடம்' சண்டையில் பாதி, காரைத் திருப்பிப் பார்த்ததோடு முடிந்திருக்கும்.

விற்பனைக்கே வராத பொம்மையை என்ன செய்வது?

1969-இல் ஹாட் வீல்ஸ் 'பீச் பாம்' என்று ஒரு ஃபோக்ஸ்வேகன் வேனைச் செய்து பார்த்தது. அலைச்சறுக்குப் பலகைகளைப் பின் ஜன்னல் வழியாகச் செருகியிருந்தார்கள். வேன் ஒடுக்கமாக இருந்ததால், கார்களை உந்தித் தள்ளும் கருவியில் சரியாக ஓடவில்லை. உடலை அகலமாக்கி, பலகைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றித்தான் கடைக்கு அனுப்பினார்கள். முதலில் செய்த மாதிரிகளில் கொஞ்சம்தான் வெளியே வந்தன. அதிலும் இளஞ்சிவப்பு வேன்தான் ஹாட் வீல்ஸ் சேகரிப்பாளர்களின் உலகத்திலேயே பெரிய பெயர் பெற்ற உருப்படி.

கடைக்கு வந்ததை மட்டும் வெளியீடு என்று விதி வைத்திருந்தால் இதற்கு இடமே இல்லை. அதனால் வெளியீட்டு அட்டவணையில் 'நிலை' என்று ஒரு கட்டம் தேவைப்படுகிறது: விற்பனைக்கு வந்தது, மாதிரி, அறிவித்துக் கைவிட்டது. தினமும் தேவைப்படாத கட்டம்தான். ஆனால் ஒரு நல்ல தரவுத்தளத்துக்கு வருபவர்கள் முதலில் தட்டிப் பார்ப்பது இந்த வேனைத்தான். விலையையும் இதே கவனத்தோடு வைக்கவேண்டும். 'மதிப்பு' என்று ஓர் எண்ணை எழுதினால் ஆறு மாதத்தில் அது பொய்யாகிவிடும். இன்ன தேதியில், இன்ன நிலையில் இருந்த உருப்படி, இன்ன விலைக்குப் போனது என்று எழுதினால் என்றைக்கும் உண்மை.

எங்கிருந்து ஆரம்பிப்பது

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். உங்களிடம் உள்ளவற்றில் இருபது காரை எடுங்கள். ஒரே மாதிரி தோன்றுகிற இரண்டு, பெயரே தெரியாத ஒன்று, சக்கரம் மாறியதோ என்று சந்தேகம் உள்ள ஒன்று அவசியம் இருக்கட்டும். மூன்று வெள்ளைத் தாளில் வார்ப்பு, வெளியீடு, உருப்படி என்று தலைப்பிட்டு இருபதையும் பதியுங்கள். எங்காவது ஒரு விவரத்தை எந்தத் தாளில் எழுதுவது என்று பேனா நின்றால், அந்த இடத்தில் ஒரு விதி எழுதவேண்டியிருக்கிறது என்று பொருள். எனக்கு இருபது காரில் பேனா பதினோரு இடத்தில் நின்றது. வெள்ளை கமாரோவை மூன்றாவதாக எடுத்தேன். இந்தமுறை 1967, 1982, 1995 மூன்றுக்கும் கட்டம் இருந்தது.